இடுப்பு மூட்டு தேய்மானம்: எக்சர்சைஸ் பண்ணலாமா, பண்ணினா வலி கூடுதே?

கேள்வி இதுதான். அம்மாவுக்கு 63 வயசு, ஒரு வருஷமா வலது தொடை இடுக்குல வலி, எக்ஸ்ரேல இடுப்பு மூட்டு தேய்மானம்னு வந்திருக்கு. ஒருத்தர் நடைய கொறைங்க, மாடிப்படி ஏறாதீங்க, மூட்ட பத்திரமா வச்சுக்கோங்கன்னு சொல்லிட்டாரு. இன்னொருத்தர் எக்சர்சைஸ் படம் போட்ட பேப்பர் ஒன்னு குடுத்து அனுப்பிட்டாரு. அத பண்ணினா வலி கூடுது. எத நம்பறது, ஆபரேஷன் இல்லாம ஓட்ட முடியுமான்னு கேட்டிருக்கீங்க. நான் பிசியோதெரபிஸ்ட், இந்த மூட்டோடதான் என் நாள்ல பாதி போகுது, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

நேர் பதில முதல்ல சொல்லிடறேன். எக்சர்சைஸ் பண்ணலாம், பண்ணனும். நடக்கணும். மாடிப்படிய ஒரேயடியா விடக்கூடாது. ஆரம்பத்துல வலி கொஞ்சம் கூடறது சகஜம், எவ்வளவு கூடினா பரவால்ல எவ்வளவு கூடினா நிறுத்தணும்னு ஒரு அளவு இருக்கு, அத கீழ சொல்றேன். பேப்பர் குடுத்தவர் சொன்னது சரிதான், ஆனா அந்த பேப்பர்ல எவ்வளவு பாரத்தோட பண்ணனும், எப்ப கூட்டணும், வலிச்சா என்ன பண்ணனும்னு எதுவும் இருந்திருக்காது, பல பேருக்கு எக்சர்சைஸ் பலிக்காம போறதே அந்த இடத்துலதான்.

அதுக்கு முன்னாடி வலி நெஜமாவே இடுப்பு மூட்டுலேர்ந்துதான் வருதான்னு பாத்துக்கணும், ஏன்னா நம்ம பாஷைல இடுப்புன்னா பல இடம். பெல்ட் போடற இடமும் இடுப்பு, முதுகுக்கு கீழ பின்பக்கமும் இடுப்பு, பக்கவாட்டுல கைய ஊனி நிக்கற எலும்பும் இடுப்பு. டாக்டர்கிட்ட போய் வெறுமன இடுப்பு வலின்னு சொன்னா அவர் முதுகுத்தண்டுன்னு நெனச்சு அங்கதான் மொதல்ல பாப்பாரு. தொடை எலும்போட உருண்டை தலை இடுப்பெலும்புல இருக்கற குழிக்குள்ள உக்காந்திருக்குல்ல, அந்த மூட்டு ரொம்ப ஆழத்துல, தொடை இடுக்குக்கு பின்னாடி இருக்கு. அதனால அதோட வலி வழக்கமா கவட்டைலதான் தெரியும், தொடையோட முன்பக்கமா எறங்கும், சில பேருக்கு முழங்கால்ல மட்டுமே வலிக்கும், முழங்காலுக்கு மாசக்கணக்குல வைத்தியம் பாத்துட்டு கடைசில இடுப்பு மூட்டுன்னு கண்டுபிடிச்சவங்க என்கிட்ட நிறைய பேர் வந்திருக்காங்க. பக்கவாட்டு எலும்பு மேல அமுக்கினா சுள்ளுன்னு வலி, அந்தப் பக்கம் ஒருக்களிச்சு படுக்க முடியலன்னா அது பெரும்பாலும் பிட்டத்து தசைநாண் பிரச்சனை. பின்பக்கம் ஆரம்பிச்சு முழங்காலுக்கு கீழ வரைக்கும் மரத்துப்போற மாதிரி போனா நரம்ப பாக்கணும். ரெண்டுக்கும் வைத்தியம் வேற.

அம்மாவுக்கு தொடை இடுக்குலங்கறீங்க, அதனால மூட்டுதான்னு தோணுது. வீட்லயே ஒன்ன கவனிங்க. சாக்ஸ் போடறது, அந்தக் கால் நகம் வெட்டறது, கார்ல ஏறும்போது கால உள்ள எடுத்து வைக்கறது, இதெல்லாம் கஷ்டமா ஆயிருக்கா? மல்லாந்து படுக்க வச்சு முழங்கால மடக்கி தொடைய நேரா மேல நிக்கவச்சு, பாதத்த மெதுவா வெளிப்பக்கமா கொண்டுபோங்க. பாதம் வெளிய போகும்போது தொடை எலும்பு மூட்டுக்குள்ள உள்பக்கமா திரும்பும், இந்த அசைவுதான் தேய்மானத்துல பொதுவா மொதல்ல கொறையும். நல்ல கால்ல தாராளமா போகும், வலிக்கற கால்ல கொஞ்சம் போனதுமே கதவுல கட்டை முட்டுன மாதிரி நிக்கும், கவட்டைல வலிக்கும். அங்கயே விட்டுடுங்க, அழுத்தி தள்ளாதீங்க, ரெண்டு பக்கமும் எவ்வளவு வித்தியாசம்னு பாத்தா போதும்.

இப்ப இந்த தேய்மானங்கற வார்த்தை. என் அனுபவத்துல இந்த ஒரு வார்த்தை பண்ற கெடுதல் கொஞ்சநஞ்சம் இல்ல. தேய்மானம்னு கேட்டதும் மனசுல டயர்தான் வருது, ஓட்ட ஓட்ட தேயும், ஓட்டாம நிறுத்தி வச்சா மிச்சமாகும். நடைய கொறைங்கன்னு சொன்னவரும் அந்தக் கணக்குலதான் சொல்லியிருப்பாரு. ஆனா மூட்டு உயிருள்ள பொருள். எலும்பு முனைய மூடியிருக்கற குருத்தெலும்புக்கு ரத்தக்குழாயே கிடையாது, அதுக்கு சாப்பாடு மூட்டுக்குள்ள இருக்கற வழவழப்பான திரவத்துலேர்ந்துதான் வருது. பாரம் ஏறும்போது ஸ்பாஞ்ச் மாதிரி கொஞ்சம் நசுங்கி திரவத்த வெளிய விடும், பாரம் எறங்கும்போது மறுபடி உறிஞ்சும், அசைவு இல்லாம போச்சுன்னா இந்த போக்குவரத்தும் கொறைஞ்சு போகும். குருத்தெலும்புல நரம்பும் கிடையாது. அதனால வலி அதுலேர்ந்து வரல, அதுக்கு அடில இருக்கற எலும்பு, மூட்ட சுத்தி இருக்கற உறை, உள்சவ்வு வீக்கம், தசை இதுலேர்ந்தெல்லாம் வருது. எக்ஸ்ரேல பயங்கரமா தெரியற மூட்டோட ஒருத்தர் நல்லா நடந்துட்டிருப்பாரு, லேசா தேஞ்சிருக்கறவர் தூங்க முடியாம கஷ்டப்படுவாரு, ரெண்டையும் நான் பாத்திருக்கேன். இங்கிலாந்துல மருத்துவ வழிகாட்டுதல் வெளியிடற நைஸ்ங்கற அமைப்பு சொல்றபடி 45 வயசுக்கு மேல, அசையும்போது வர்ற மூட்டு வலி, காலைல இறுக்கமே இல்ல இல்லன்னா அரை மணி நேரத்துக்கு மேல நீடிக்காத இறுக்கம், இவ்வளவு இருந்தா வழக்கமான கேஸ்ல எக்ஸ்ரே இல்லாமலேயே இத கண்டுபிடிக்கலாம். படத்துக்கு அவ்வளவுதான் எடம்.

சரி, ரெஸ்ட் குடுத்தா என்ன ஆகும்னு கேளுங்க. தசை கரையும். ஒத்தக் கால்ல நிக்கும்போது இடுப்பு சாயாம பிடிச்சு நிறுத்தறது பக்கவாட்டுல இருக்கற பிட்டத்து தசைதான், நடக்கும்போது ஒவ்வொரு அடியிலயும் நாம ஒத்தக் கால்லதான் நிக்கறோம். அது பலவீனம் ஆச்சுன்னா அடி வைக்கும்போதெல்லாம் எதிர்ப்பக்க இடுப்பு தொங்கும், இல்லன்னா ஆள் பலவீனமான பக்கமா உடம்ப சாச்சு சாச்சு நடப்பாரு. கூடவே மூட்டோட முன்பக்கம் இறுகி, கால் பின்னாடி போகாது, அந்தக் குறைய முதுகு வளைஞ்சு ஈடுகட்டும், இப்ப முதுகும் வலிக்க ஆரம்பிக்கும். வலிக்குதுன்னு நடக்கல, நடக்காததால தசை போச்சு, தசை போனதால கொஞ்சம் நடந்தாலே வலி, இப்படியே ரெண்டு வருஷத்துல வீட்டுக்குள்ளயே சுருங்கிப் போனவங்கள பாக்கும்போது எனக்கு மனசு ஆறாது, ஏன்னா அதுல பாதி தடுத்திருக்கக்கூடியது.

தசை எவ்வளவு முக்கியம்னு ஒரு கணக்கு சொல்றேன். பெர்லின்ல பெர்க்மான்ங்கற ஆராய்ச்சியாளரோட குழு, செயற்கை இடுப்பு மூட்டுக்குள்ளயே சென்சார் வச்சு ஆபரேஷன் ஆனவங்கள நடக்கவிட்டு அளந்தாங்க, 2001ல வெளியிட்டாங்க. மணிக்கு 4 கிலோமீட்டர் வேகத்துல சாதாரணமா நடக்கும்போது மூட்டு மேல விழற பாரம் உடம்பு எடைய விட சுமார் 2.4 மடங்கு, படி இறங்கும்போது 2.6 மடங்கு. உடம்பு எடையே அவ்வளவு இல்லையே, மீதி எங்கேர்ந்து வருது? அந்த பக்கவாட்டு தசை, மூட்டுக்கு ரொம்ப கிட்டக்க நின்னு இழுக்கறதால, உடம்ப தாங்கறதுக்கு பல மடங்கு விசை போட வேண்டியிருக்கு, அந்த இழுப்பும் மூட்டு மேலதான் ஏறுது.

இதுலேர்ந்து நாளைக்கே பண்ணக்கூடிய ரெண்டு விஷயம் கிடைக்குது. கைத்தடி வச்சுக்கறதா இருந்தா வலிக்கற காலுக்கு எதிர்ப்பக்க கைல பிடிக்கணும், அம்மாவுக்கு வலது கால்னா இடது கைல. பை தூக்கறதா இருந்தா வலிக்கற பக்க கைலயே தூக்கணும், எதிர்ப்பக்கம் தூக்கினா தசை இன்னும் அதிகமா இழுத்தாகணும். இது கேக்க தலைகீழா இருக்கும், அதனாலதான் நிறைய பேர் மாத்தி பண்றாங்க. ஒரு பெரியவர் வலிக்கற பக்கமே தடிய ஊனிக்கிட்டு டக், டக்குன்னு முழு உடம்பையும் அந்தப் பக்கம் போட்டு நடந்து வந்தாரு. ஒன்னும் பேசல, தடிய வாங்கி மத்த கைல குடுத்தேன், தடியும் வலிக்கற காலும் ஒன்னா முன்னாடி போகணும்னு சொல்லி வராண்டால நாலு தடவ நடக்கவிட்டேன். மூணாவது தடவ தோள் ஆட்டம் கொறைஞ்சுது, நாலாவது தடவ தானா நின்னு திரும்பி, ஏன் இத யாருமே சொல்லலன்னு கேட்டாரு.

எக்சர்சைஸ் எந்த அளவு பலன் குடுக்கும்னும் மிகைப்படுத்தாம சொல்லணும். 2014ல வந்த, காக்ரேன்ங்கற மருத்துவ ஆய்வு அமைப்போட தொகுப்பாய்வுல இடுப்பு மூட்டு தேய்மானம் உள்ளவங்கள வச்சு பண்ணின 10 ஆய்வுகள சேத்து பாத்தாங்க. 100 மார்க் அளவுகோல்ல வலி சராசரியா 8 மார்க் கொறைஞ்சுது, அன்றாட வேலை செய்யற திறன் 7 மார்க் கூடிச்சு, வகுப்பு முடிஞ்சு 3லேர்ந்து 6 மாசம் வரைக்கும் பலன் நின்னுது. சின்ன பலன்தான், மந்திரம் கிடையாது. அதே 2014ல ஆஸ்திரேலியால பெனல் குழுவோட ஆய்வு ஒன்னு வந்துச்சு, 102 பேர், பிசியோ சிகிச்சை எடுத்தவங்களுக்கும் வேலை செய்யாத அல்ட்ராசவுண்ட் மெஷின வச்சு சும்மா தடவிவிட்டவங்களுக்கும் பெரிய வித்தியாசமே வரல. எங்க துறைக்கு கசப்பான முடிவு, ஆனா அத நான் நோயாளிகள்கிட்ட மறைக்கறதில்ல. எல்லா எக்சர்சைஸும் ஒரே மாதிரி இல்லன்னு 2017ல மோசெங் குழு ஆய்வுகள பிரிச்சு பாத்தப்ப தெரிஞ்சுது: தசைக்கு போதுமான பாரம், போதுமான தடவை, படிப்படியா ஏத்தறதுன்னு முறையா குடுத்த ஆய்வுகள்ல வலி கொறைஞ்சுது, அது தெளிவா இல்லாத ஆய்வுகள்ல கிட்டத்தட்ட பலனே இல்ல. நான் மேல பேப்பர பத்தி சொன்னது இதனாலதான். நார்வேல ஸ்வெகெ குழு 109 பேர 6 வருஷம் தொடர்ந்து பாத்தாங்க, 2015ல வந்துச்சு. எல்லாருக்கும் மூட்ட பத்தின வகுப்பு உண்டு, ஒரு பாதிக்கு கூடவே 12 வாரம் எக்சர்சைஸ். 6 வருஷம் கழிச்சு சொந்த மூட்டோடயே இருந்தவங்க எக்சர்சைஸ் பக்கம் 41 சதவீதம், மறுபக்கம் 25 சதவீதம். சின்ன ஆய்வுதான், இருந்தாலும் ஆபரேஷன தள்ளிப்போட வாய்ப்பு இருக்குன்னு நான் சொல்றதுக்கு இது ஒரு அடிப்படை.

வலி கூடுதேன்னு கேட்டீங்கல்ல, அந்த அளவுகோலுக்கு வரேன். வலியே இல்லன்னா 0, தாங்கவே முடியாதுன்னா 10. எக்சர்சைஸ் பண்ணும்போது 2 வரைக்கும் கவலையே வேணாம், 5 வரைக்கும் பொறுத்துக்கலாம், 5ஐ தாண்டினா நிறுத்தி பாரத்தையோ உயரத்தையோ கொறைக்கணும். அதவிட முக்கியமா நான் பாக்கறது மறுநாள. 24 மணி நேரத்துக்குள்ள வலி வழக்கமான அளவுக்கு திரும்பிடுச்சா? திரும்பிட்டா மூட்டு அந்த பாரத்த ஏத்துக்கிச்சுன்னு அர்த்தம். மறுநாளும் முந்தின நாள விட அதிகமா இருந்தா போன தடவ அதிகம், அடுத்த தடவ கொஞ்சம் கொறைச்சு பண்ணனும், ஒரேயடியா விட்டுடக்கூடாது. தொடை தசைலயும் பிட்டத்துலயும் ரெண்டு நாள் இருக்கற வலி வேற, அது வேலை செஞ்ச தசையோட வலி, கவட்டைக்குள்ள ஆழத்துல இருக்கற வலி வேற, இந்த ரெண்டையும் அம்மாவுக்கு பிரிச்சு தெரியவச்சிட்டீங்கன்னா பாதி பயம் போயிடும். பொதுவா முதல் ரெண்டு மூணு வாரம்தான் இந்த இழுபறி.

இனி என்ன பண்றது. நான் எல்லாருக்கும் மொதல்ல ஆரம்பிக்கறது நாற்காலிலேர்ந்து எழுந்து உக்காரறதுதான், சாதாரணமா தெரியும், ஆனா எழுந்திருக்க தெரிஞ்சா பாத்ரூம், கட்டில், பஸ், கார் எல்லாத்துக்கும் அதே அசைவுதான். ஒரு அம்மா வந்தாங்க, நான் நல்லாத்தான் எழுந்திருக்கறேன்னு சொன்னாங்க. ரெண்டு எடை மெஷின பக்கத்துல பக்கத்துல வச்சு ஒவ்வொரு பாதத்துக்கும் கீழ ஒன்னு வர்ற மாதிரி நிக்கவச்சேன். மொத்தம் 64 கிலோ. நல்ல கால் மெஷின்ல 43, வலிக்கற கால்ல 21. அவங்களுக்கே நம்பமுடியல, குனிஞ்சு திரும்பத் திரும்ப பாத்தாங்க. மாசக்கணக்கா அந்தக் கால் வேலையே செய்யாம சும்மா கூட வந்துட்டிருந்திருக்கு. அதுக்கப்புறம் எழும்போது ரெண்டு முள்ளும் கிட்டக்க வரணும்ங்கறதுதான் அவங்க எக்சர்சைஸ். வீட்ல மெஷின் இல்லன்னாலும் பரவால்ல, நீங்க எதிர்ல நின்னு பாருங்க, உடம்பு நல்ல பக்கம் சாயுதான்னு தெரியும்.

செய்யற விதம் இப்படி. உயரமான நாற்காலி, தேவைன்னா மேல கெட்டியான குஷன் வச்சு இன்னும் உயரமாக்குங்க, முழங்கால விட இடுப்பு மேல இருக்கணும். சீட்டோட முன்நுனிக்கு வந்து, பாதங்கள முழங்காலுக்கு கொஞ்சம் பின்னாடி இழுத்து, மூக்கு கால்விரலுக்கு நேரா வர்ற வரைக்கும் முன்னாடி சாஞ்சு, தரைய கால் ரெண்டாலயும் தள்ளி எழுங்க. கை வேணும்னா கைப்பிடில லேசா வச்சுக்கலாம். உக்காரும்போது தொப்புன்னு விழாம மனசுக்குள்ள மூணு எண்ணி இறங்கணும், இறங்கறதுலதான் தசைக்கு நல்ல வேலை. எட்டு பத்து தடவ ஒரு செட், நடுவுல ஒன்னு ரெண்டு நிமிஷம் உக்காந்துட்டு மறுபடி, இப்படி ரெண்டு மூணு செட். சுலபமாச்சுன்னா குஷன எடுங்க, அப்புறம் கைய எடுங்க, அப்புறம் நெஞ்சோட ஒரு எடைய அணைச்சுக்கிட்டு பண்ணலாம்.

அடுத்தது அந்த பக்கவாட்டு தசை. சுவர் பக்கமோ கிச்சன் மேடை பக்கமோ பிடிச்சு நின்னு கால பக்கவாட்டுல தூக்கறது, உடம்பு எதிர்ப்பக்கம் சாயாம, கால்விரல் முன்னாடி பாத்த மாதிரி, பாதம் தரைய விட்டு ஒரு சாண் போனா போதும். இதுல ஒரு ரகசியம், வலிக்கற கால்ல நின்னுக்கிட்டு நல்ல கால தூக்கும்போதுதான் வலிக்கற பக்கம் இன்னும் அதிகமா வேலை செய்யும், அதனால ரெண்டு பக்கமும் பண்ணனும். சரியா வந்த பிறகு கணுக்கால்ல ரப்பர் பேண்ட் போடலாம். மல்லாந்து படுத்து முழங்கால மடக்கி இடுப்ப மேல தூக்கற பிரிட்ஜ், பிட்டத்து பெரிய தசைக்கு. தாழ்வான படில ஏறி இறங்கறது, ஆரம்பத்துல 10 சென்டிமீட்டர் போதும், கைப்பிடி பக்கத்துல இருக்கணும், வலிக்கற கால் படி மேலயே இருக்க நல்ல கால் மட்டும் ஏறி இறங்கணும். நாலு எக்சர்சைஸ் போதும்னு நான் நெனைக்கறேன், பன்னெண்டு படம் போட்ட பேப்பர் ரெண்டாவது வாரமே டிராயருக்குள்ள போயிடும்.

வாரத்துல 2 இல்ல 3 நாள், நடுவுல ஒரு நாள் இடைவெளி. கடைசி ரெண்டு தடவ முக்கணும், ஆனா பண்ற விதம் கெடக்கூடாது, அதுதான் சரியான பாரம். பன்னெண்டு தடவ பண்ணிட்டு இன்னும் அஞ்சு ஆறு பண்ண முடியும்போல இருந்தா அது கொறைவு, ஏத்துங்க. முதல் ஆறு வாரத்துல வர்ற முன்னேற்றம் பெரும்பாலும் மூளையும் நரம்பும் தசைய நல்லா பயன்படுத்த கத்துக்கறதால வருது, தசை பருமனாகறதுக்கு இன்னும் நாளாகும், அதனால 12 வாரம் ஆகறதுக்கு முன்னாடி பலனில்லன்னு முடிவு கட்டாதீங்க. முடிஞ்சா முதல் ஆறு வாரமாவது ஒரு பிசியோ கண்ணு முன்னாடி பண்ணுங்க. டென்மார்க்ல 2013ல ஆரம்பிச்ச கிளாட்ங்கற திட்டத்துல மூட்ட பத்தி புரியவைக்கற வகுப்பு, அதோட வாரம் ரெண்டு தடவ வீதம் 12 தடவ ஆள் பாத்து செய்யவைக்கற எக்சர்சைஸ், அவ்வளவுதான், மெஷின் எதுவும் பெரிசா இல்ல, பல நாட்டுக்கு அது பரவியிருக்கு.

இறுக்கத்துக்கு தினமும் பண்றது ஒன்னு ரெண்டு. காலைல படுக்கைலயே குதிகால படுக்கை மேல வழுக்கி முழங்கால நெஞ்சு பக்கம் கொண்டுவந்து நீட்டறது, பத்து பதினஞ்சு தடவ. கட்டில் ஓரத்துல மல்லாந்து படுத்து, நல்ல காலை நெஞ்சோட பிடிச்சுக்கிட்டு மத்த கால ஓரத்துல தொங்கவிட்டா முன்பக்கம் இழுபடும், அரை நிமிஷம், மூணு தடவ. கவட்டைல கிள்ற மாதிரி வலி வர்ற பக்கம் எதையும் வலிஞ்சு இழுக்காதீங்க, எலும்பு விளிம்பு முட்டற இடத்துல இழுத்து ஒன்னும் ஆகப்போறதில்ல. கால் மேல கால் போட்டு ஆழமா மடக்கி திருகற ஆசனங்களையும் இப்போதைக்கு விட்டுடுங்க.

நடை விஷயத்துல, ஒரே மூச்சுல அரை மணி நேரம் நடந்து ராத்திரி அவஸ்தைப்படறதுக்கு பதிலா 10 நிமிஷமா மூணு தடவ நடங்க, மேல சொன்ன 24 மணி நேர விதிதான் இதுக்கும், வாரத்துக்கு வாரம் ஒன்னு ரெண்டு நிமிஷம் கூட்டலாம். நடை ரொம்ப வலிச்சா நிலையா நிக்கற சைக்கிள், சீட்ட உயத்தி வச்சுக்கணும். நீச்சல் குளம் கிடைச்சா அருமை, இடுப்பு அளவு தண்ணில நின்னாலே காலுக்கு வர்ற எடை கிட்டத்தட்ட பாதி ஆயிடும், நெஞ்சு அளவுன்னா மூணுல ஒரு பங்கு. தரைல நொண்டறவங்க தண்ணிக்குள்ள நிமிர்ந்து நடக்கறத பாக்கலாம். ஆனா தண்ணி எக்சர்சைஸ் மட்டும் பண்ணினா தரைல தேவைப்படற பலம் முழுசா வராது, படிப்படியா வெளிய வந்தாகணும்.

மாத்திரை, மத்த சமாச்சாரம் சுருக்கமா. இடுப்பு மூட்டு ஆழத்துல இருக்கறதால மேல தடவற ஜெல் முழங்காலுக்கு உதவற மாதிரி இதுக்கு உதவாது. வலி மாத்திரை டாக்டர கேட்டு, குறிப்பா கிட்னி, வயித்துப்புண், ஹார்ட் பிரச்சனை இருந்தா கேக்காம தொடவே கூடாது, எக்சர்சைஸ் ஆரம்பிக்கற வாரங்கள்ல தேவைப்பட்டா குறைஞ்ச அளவு கொஞ்ச நாளைக்கு. 2022ல வந்த நைஸ் வழிகாட்டுதல் குளுக்கோசமின் மாத்திரை வேணாம், மூட்டுக்குள்ள போடற ஹையலூரானிக் ஊசி வேணாம்னு தெளிவா சொல்லுது, அதே வழிகாட்டுதல் எக்சர்சைஸ எல்லாருக்கும் குடுக்கணும், ஆரம்பத்துல வலி கூடலாம்ங்கறதையும் சொல்லிக் குடுக்கணும்னு சொல்லுது. எடை அதிகமா இருந்தா கொறைக்கறது நல்லது, மேல சொன்ன 2.4 மடங்கு கணக்க ஞாபகம் வச்சுக்கிட்டா ஏன்னு புரியும்.

எக்சர்சைஸ் எல்லாத்தையும் நிறுத்திட்டு உடனே டாக்டர பாக்க வேண்டிய நிலைமைகள் இருக்கு, இத தயவுசெஞ்சு கவனமா படிங்க. விழுந்த பிறகோ, விழாமலேயோ திடீர்னு கால ஊனவே முடியலன்னா எலும்பு முறிவா இருக்கலாம். காய்ச்சலோட மூட்டு வலின்னா கிருமித் தொற்றா இருக்கலாம், அது அவசரம். அசையாம படுத்திருந்தாலும் ராத்திரி முழுக்க ஓயாத வலி, காரணமில்லாம எடை குறையறது, முன்ன புற்றுநோய் வந்திருக்கறது, இதெல்லாம் சொல்லாம விடக்கூடாது. காலைல ஒரு மணி நேரத்துக்கு மேல இறுக்கம், அதுவும் சின்ன வயசுன்னா வாத நோய் டாக்டர பாக்கணும். ஸ்டீராய்டு ரொம்ப நாள் எடுத்தவங்க, குடி அதிகம் இருக்கறவங்களுக்கு தொடை எலும்பு தலைக்கு ரத்த ஓட்டம் நின்னு அது செத்துப்போற நோய் வரலாம், ஆரம்பத்துல எக்ஸ்ரேல தெரியாது, எம்ஆர்ஐ தேவைப்படும்.

ஆபரேஷன் பத்தி. மூட்டு ரொம்ப முத்திப்போனவங்களுக்கு எக்சர்சைஸ் மாற்று கிடையாது, இத நான் பிசியோவா இருந்துக்கிட்டே சொல்றேன். 2024ல டென்மார்க், நார்வே ஆய்வு ஒன்னு வந்துச்சு, 50 வயசுக்கு மேற்பட்ட, ஆபரேஷன் தேவைன்னு முடிவான 109 பேர குலுக்கல்ல பிரிச்சு ஒரு பக்கத்துக்கு மூட்டு மாற்று ஆபரேஷன், இன்னொரு பக்கத்துக்கு 12 வாரம் எடை தூக்கற பயிற்சி. 6 மாசத்துல, வலியையும் அன்றாட வேலை செய்யற திறனையும் சேத்து அளக்கற 48 மார்க் அளவுகோல்ல (மார்க் கூடினா நல்லது) ஆபரேஷன் பக்கம் 15.9 மார்க் கூடிச்சு, பயிற்சி பக்கம் 4.5தான். ஆனா இதையும் பாருங்க, பயிற்சி எடுத்தவங்கள்ல அந்த 6 மாசத்துக்குள்ள ஆபரேஷனுக்கு மாறினவங்க அஞ்சுல ஒருத்தர்தான். அதனால ஒழுங்கா மூணு மாசம் பண்ணிப் பாத்தும் ராத்திரி தூக்கம் போகுது, வீட்டு வேலை முடியல, வெளிய போகவே மனசில்லைன்னு ஆச்சுன்னா ஆபரேஷன் டாக்டர்கிட்ட போங்க, பயந்து வருஷக்கணக்கா இழுக்காதீங்க. ஆபரேஷன்ல வச்ச மூட்டுகள்ல சுமார் 58 சதவீதம் 25 வருஷம் தாங்குதுன்னு 2019ல வந்த பெரிய தொகுப்பாய்வு சொல்லுது, 63 வயசு அம்மாவுக்கு அது நல்ல கணக்குதான். ஆபரேஷனுக்கு முன்னாடி சேத்துவச்ச தசை வீணாகாது, அதுக்கப்புறம் எழுந்து நடக்கறதுக்கும் அதே தசைதான் வேணும்.

இன்னைக்கு ஒரு வேலை பண்ணுங்க. கைப்பிடி இல்லாத, சுவரோட ஒட்டி வச்ச நாற்காலில அம்மாவ உக்காரவச்சு, கைய நெஞ்சுல குறுக்க கட்டிக்கச் சொல்லி, 30 விநாடில எத்தன தடவ முழுசா எழுந்து உக்காரறாங்கன்னு எண்ணுங்க, நீங்க பக்கத்துலயே நில்லுங்க. கை இல்லாம முடியலன்னா கை வச்சு பண்ணட்டும், அப்படித்தான் பண்ணினாங்கன்னு சேத்து எழுதிக்கோங்க. தேதி, எண்ணிக்கை, அப்ப வலி எத்தன, எந்த நாற்காலி, இந்த நாலையும் காலண்டர்லயே குறிச்சு வைங்க. 6வது வாரமும் 12வது வாரமும் அதே நாற்காலில மறுபடி எண்ணிட்டு, அந்த மூணு நம்பரையும் டாக்டர்கிட்ட எடுத்துட்டு போங்க, எக்ஸ்ரேயோட சேத்து.